பழைய பேஸ் கிட்டாரின் மடித்த தகடு பிரிட்ஜ்: மலையில் இருப்பவர்கள் மாற்ற வேண்டாம்

அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனத்து பேஸின் பழைய பிரிட்ஜை, அதாவது உடலில் கம்பிகளின் கீழ்முனையைத் தாங்கும் பாகத்தை, கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தால் அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. பின்பக்கம் செங்குத்தாக மடித்த ஓர் இரும்புத் தகடு. அதன் மேல் மரை வெட்டிய நான்கு உருளைச் சேடில், கம்பி படுக்கும் சின்னத் துண்டு. சேடிலைப் பின்னால் இழுத்துப் பிடிக்க நான்கு நீள ஸ்க்ரூ, அவற்றில் நான்கு ஸ்பிரிங். உயரம் வைக்கச் சேடிலுக்கு இரண்டாக எட்டுச் சின்ன ஸ்க்ரூ. உடலோடு பிடித்து நிறுத்த ஐந்து மர ஸ்க்ரூ. அவ்வளவுதான்.

1951-ல் வந்த முதல் பிரிசிஷன் பேஸில் இரண்டு சேடில் மட்டுமே இருந்தன, ஒவ்வொன்றின் மேலும் இரண்டு கம்பி. 1957-ல் அந்த பேஸை மாற்றி வடிவமைத்தபோது கம்பிக்கு ஒன்றாக நான்கு சேடில் வந்தது. 1960-ல் வெளிவந்த ஜாஸ் பேஸிலும் அதே ஏற்பாடுதான். பின்னாளில் ஜப்பானிலும் கொரியாவிலும் செய்யப்பட்ட நகல்களிலும் இதே தகடுதான் இருக்கிறது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் சர்ச் பாடகர் குழுவிலோ பள்ளி இசை அறையிலோ கிடக்கும் பழைய பேஸ்களில் பாதிக்கு மேல் இந்த வகையாகத்தான் இருக்கும்.

இதைப் பார்த்ததும் பலர் சொல்லும் முதல் யோசனை, "கழற்றிப் போட்டுவிட்டு கனமான பித்தளை பிரிட்ஜ் மாட்டு" என்பது. நம் மலையில் இருப்பவர்களுக்கு அந்த யோசனை பொருந்தாது. இந்தத் தகடுக்கு உண்மையான குறைகள் உண்டு. அவற்றைக் கீழே எழுதியிருக்கிறோம். ஆனால் "கம்பி உயரமாக இருக்கிறது, அடித்தால் இரைகிறது, மேல் ஃப்ரெட்டில் சுருதி சேரவில்லை" என்ற புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு பிரிட்ஜ் காரணமே இல்லை. நெக்கும் (ஃப்ரெட் என்ற உலோகக் கோடுகள் பதித்த நீண்ட கழுத்து), நட்டும் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பி படுக்கும் பள்ளம் வெட்டிய பட்டை), துருவும்தான் காரணம்.

மலையில் இதன் பெரிய பலம், ஒரே ஒரு அலன் கீ (அறுகோண முனைச் சாவி) வைத்துக்கொண்டு உரியவரே உட்கார்ந்து கம்பி உயரத்தைச் சரிசெய்துவிடலாம் என்பது. சமவெளியில் ஒருமுறை செட்டப் செய்தால் பல மாதம் தாங்கும். இங்கே அப்படித் தாங்காது. கூடலூர்ப் பக்கமும் ஊட்டியின் மேற்குச் சரிவும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவ மழையில் ஊறும். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலுக்கு அக்டோபர், நவம்பரில்தான் பெருமழை. ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும், காற்று வறண்டுவிடும். மேப்பிள் நெக் இந்த ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கும். முன்பக்கம் வளையுமா, பின்பக்கம் வளையுமா என்பது அந்தந்த மரத்தைப் பொறுத்தது. அளந்துதான் சொல்ல முடியும்.

மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் இடையே உயர வித்தியாசம் சுமார் 1,900 மீட்டர். கோவையில் நல்ல கைகாரரிடம் கொடுத்து அச்சாகச் சரிசெய்து வாங்கி வந்தாலும், மேலே வந்து ஒரு வாரத்தில் கம்பி உயரம் மாறியிருக்கும். வேலை செய்தவர் மேல் தவறில்லை, மரம் புது இடத்துக்குப் பழகுகிறது. எனவே மலையேறிய பேஸை இரண்டு மூன்று நாள் அதன் பெட்டியிலேயே, அது இருக்கப்போகும் அறையில் வைத்துவிட்டு, பிறகு அளவெடுங்கள்.

அலன் கீயில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள்

அமெரிக்கத் தயாரிப்புகளில் சேடில் உயர ஸ்க்ரூவுக்கு அங்குல அளவுக் கீ வேண்டும். பெரும்பாலும் 1/16 அங்குலம், சிலவற்றில் 0.050 அங்குலம். ஜப்பான், கொரியா நகல்களில் 1.5 மி.மீ. நம்மூர் ஹார்டுவேர் கடையில் கேட்டால் கிடைப்பது மில்லிமீட்டர் செட் மட்டும். 1/16 அங்குலம் என்பது 1.59 மி.மீ. அதற்குள் 1.5 மி.மீ. கீ நன்றாக நுழையும், திருப்பினால் கொஞ்சம் திரும்பவும் செய்யும். துருப்பிடித்த ஸ்க்ரூவில் அந்த 0.09 மி.மீ. இடைவெளி போதும், அறுகோணக் குழியின் மூலைகள் மழுங்கிவிடும். அதன் பிறகு எந்தக் கீயும் பிடிக்காது. பழைய பேஸ்களில் மழுங்கிய ஸ்க்ரூக்கள் இவ்வளவு இருப்பதற்கு இதுதான் முதல் காரணம். அங்குல செட் ஒன்றைக் கூரியரில் வரவழைத்து, அந்த பேஸின் பெட்டிக்குள்ளேயே போட்டு வையுங்கள். பந்து முனை வைத்த கீ இந்த வேலைக்கு வேண்டாம், நேர் முனைதான் சரி.

கீயை நுழைக்கும் முன் குழியைச் சுத்தம் செய்ய வேண்டும். பல வருட வியர்வையும் தூசியும் பஞ்சும் சேர்ந்து அடியில் கெட்டியாகி இருக்கும், கீ பாதிதான் இறங்கும். குண்டூசி முனையால் கிளறி எடுத்துவிட்டு, கீ அடிவரை இறங்கியதா என்று தொட்டுப் பார்த்த பிறகு திருப்புங்கள்.

துரு

மூடுபனியும் வியர்வை உப்பும் சேரும் இடம் இது. ஸ்க்ரூ அசையவில்லை என்றால் பலத்தைக் காட்ட வேண்டாம். கம்பிகளைக் கழற்றி, பிரிட்ஜின் ஐந்து மர ஸ்க்ரூவையும் எடுத்து, தகட்டை முழுதாக வெளியே எடுத்துவிடுங்கள். அதன் அடியில் ஒரு எர்த் வயர் அல்லது மெல்லிய பித்தளைப் பட்டை இருக்கும். கம்பியிலிருந்து எர்த் போகும் வழி அதுதான். திரும்ப மாட்டும்போது அது தகட்டைத் தொடாமல் போனால் ஆம்பில் இரைச்சல் வரும், கம்பியைத் தொட்டாலும் குறையாது.

கழற்றிய தகட்டை ஒரு தட்டில் வைத்து ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் ஒரு சொட்டு டபிள்யூ டி-40 விட்டு ஓர் இரவு அப்படியே விடுங்கள். காலையில் முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு நூலளவு, பிறகு தளர்த்தும் பக்கமாக, இப்படி முன்னும் பின்னுமாக அசைத்தால் பெரும்பாலும் விடும். விட்ட பிறகு பழைய டூத் பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து, மொபைல் சர்வீஸ் கடைகளில் விற்கும் ஐ.பி.ஏ. (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) திரவத்தில் கழுவி, காயவைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு துளி. பிரிட்ஜ் கிட்டாரில் மாட்டியிருக்கும்போது இந்த இரண்டு திரவத்தையும் தெளிக்கவே கூடாது. 1960-களின் ஃபெண்டர்களில் இருப்பது நைட்ரோ லாக்கர் பூச்சு. ஐ.பி.ஏ. பட்டால் மங்கிவிடும். எண்ணெய் ஸ்க்ரூ துளை வழியாக மரத்தில் இறங்கிவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை.

வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் போடுபவர்கள் உண்டு. 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும், நம் ஊரில் வருடத்தின் பெரும்பகுதி அதற்குக் கீழேதான். மரைக்குள் வெள்ளையாகக் கட்டிக்கொண்டு தூசியைப் பிடித்து வைக்கும். புளி போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம். பித்தளைச் சேடில் பளபளவென்று ஆகும், ஆனால் மரையின் இடுக்கில் தங்கும் புளிப்பு பக்கத்தில் உள்ள இரும்பு ஸ்க்ரூவை அரிக்கும். வினிகரும் அப்படித்தான், நிக்கல் பூச்சைத் தூக்கிவிடும்.

ஸ்பேர் ஸ்க்ரூ வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அமெரிக்க வகையில் உயர ஸ்க்ரூவின் மரை பெரும்பாலும் அங்குலத்துக்கு 32. நகல்களில் மில்லிமீட்டர் மரை. ஒன்று மற்றொன்றில் சேராது, பலமாகத் திருகினால் சேடிலின் மரையைத் தின்றுவிடும்.

அளவெடுக்க வேண்டியவை

ஸ்டீல் ஸ்கேல் ஒன்று, அதில் அரை மில்லிமீட்டர் கோடு இருக்க வேண்டும், பூஜ்யம் விளிம்பிலிருந்தே தொடங்க வேண்டும். பள்ளிக்கூட ஸ்கேலில் விளிம்புக்கும் பூஜ்யத்துக்கும் நடுவே இடம் விட்டிருப்பார்கள், அது உதவாது. கூடவே ஃபீலர் கேஜ் ஒன்று. டூ வீலர் டேப்பட் அடிக்க மெக்கானிக் வைத்திருக்கும் அதே தகட்டுக் கட்டுதான். ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் எங்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைக்கும். பிறகு ஒரு கேப்போ (கம்பிகளை ஒரு ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கிளிப்), ஒரு ட்யூனர்.

கம்பி புதிதாக இருக்க வேண்டும். பழைய கம்பியை வைத்து உயரம் வேண்டுமானால் வைக்கலாம், சுருதி சேர்க்க முடியாது. இன்னொன்று, எந்தத் தடிமன் (கேஜ்) கம்பி போட்டு வாசிக்கப் போகிறீர்களோ அதையே போட்டு அளவெடுங்கள். 45-105 தடிமன் (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) ரவுண்ட்வவுண்ட் கம்பிக்கு, அதாவது உருண்டைச் சுற்றுக் கம்பிக்கு வைத்த நெக், மோடவுன் பாட்டுகளின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் போட்ட 52-110 ஃப்ளாட்வவுண்ட், அதாவது தட்டைச் சுற்றுக் கம்பியின் இழுப்புக்கு அப்படியே நிற்காது.

முதலில் நெக், பிறகு பிரிட்ஜ்

இந்த வரிசையை மாற்றினால் எத்தனை மணி நேரம் திருகினாலும் வேலை முடியாது.

கம்பியை முழுச் சுருதிக்கு ஏற்றுங்கள். முதல் ஃப்ரெட்டில் கேப்போ. கடைசி ஃப்ரெட்டில் ஈ கம்பியை (நான்கில் மிகத் தடித்தது; அடுத்து ஏ, டி, ஜி) விரலால் அழுத்திக்கொண்டு, 8-ஆவது ஃப்ரெட்டின் தலைக்கும் கம்பியின் அடிக்கும் நடுவே ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். பழைய 7.25 அங்குல வளைவுள்ள ஃப்ரெட்போர்டுக்கு ஃபெண்டர் தரும் அளவு 0.014 அங்குலம், அதாவது 0.35 மி.மீ. தகடு கம்பியைத் தூக்காமல் உரசிக்கொண்டு போக வேண்டும்.

இடைவெளி அதிகமென்றால் ட்ரஸ் ராடை (நெக்கின் வளைவைச் சரிசெய்ய அதற்குள் ஓடும் இரும்புத் தண்டு) வலப்பக்கம், குறைவென்றால் இடப்பக்கம் திருப்புங்கள். கஷ்டம் இதில்தான். பழைய பிரிசிஷனிலும் 1970-களின் நடுப்பகுதிக்கு முந்தைய ஜாஸ் பேஸிலும் ட்ரஸ் ராடின் முனை நெக்கின் அடியில், உடலுக்குள் புதைந்திருக்கும். நெக்கைக் கழற்றித்தான் திருப்ப முடியும். கம்பிகளைத் தளர்த்தி, அவை கழன்றுவிடாமல் கேப்போவை அப்படியே விட்டு, பின்பக்கத்து நான்கு ஸ்க்ரூவையும் எடுத்து, நெக்கைத் தூக்கி, எட்டில் ஒரு சுற்று மட்டும் திருப்பி, மாட்டி, சுருதி ஏற்றி, மறுபடி அளக்க வேண்டும். கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் போக வேண்டாம். இறுகி நிற்கும் ராடை மேலும் திருப்பினால் உள்ளே முறிந்துவிடும், அந்த நெக்கின் கதை அதோடு முடிந்தது.

நெக் ஸ்க்ரூவைத் திரும்பப் போடும்போது முதலில் இடப்பக்கமாக மெல்லத் திருப்புங்கள். மரத்தில் ஏற்கெனவே உள்ள மரையில் ஸ்க்ரூ 'டக்'கென்று விழுவது கையில் தெரியும். பிறகு வலப்பக்கம் இறுக்கினால் அதே பாதையில் போகும். நேரடியாக இறுக்கினால் ஒவ்வொரு தடவையும் மரத்தில் புது மரை வெட்டும். வருடத்துக்கு இரண்டு தடவை கழற்ற வேண்டிய மலைநாட்டு பேஸில் பத்து வருடத்தில் துளை பொலபொலவென்று ஆகிவிடும். மர ஸ்க்ரூவில் மெழுகுவர்த்தி மெழுகு கொஞ்சம் தடவலாம். சோப்பு தடவ வேண்டாம், அது ஈரத்தை இழுத்துத் துருவைக் கொண்டுவரும்.

இப்போது பிரிட்ஜ். கேப்போவை எடுத்துவிட்டு, 17-ஆவது ஃப்ரெட்டின் தலையில் ஸ்கேலை நிறுத்தி, கம்பியின் அடிவரை அளந்து பாருங்கள். ஃபெண்டர் தரும் அளவு: ஈ பக்கம் 6/64 அங்குலம், ஜி பக்கம் 5/64 அங்குலம். ஏறத்தாழ 2.4 மி.மீ., 2 மி.மீ. நடுவில் உள்ள ஏ, டி இரண்டும் அதற்கிடையே படிப்படியாக வர வேண்டும்.

சேடிலை 1 மி.மீ. ஏற்றினால் 17-ஆவது ஃப்ரெட்டில் 1 மி.மீ. ஏறாது. அந்த ஃப்ரெட் நட்டிலிருந்து கம்பி நீளத்தின் 0.63 பங்கில் இருக்கிறது. ஆகவே அங்கே 0.63 மி.மீ.தான் ஏறும், 12-ஆவதில் அரை மி.மீ. அமெரிக்க ஸ்க்ரூ ஒரு முழுச் சுற்றுக்கு 0.8 மி.மீ. ஏற்றும். கால் சுற்று திருப்பினால் 17-ஆவது ஃப்ரெட்டில் 0.12 மி.மீ. இந்தக் கணக்கு மனதில் இருந்தால் தடவித் தடவித் திருக வேண்டியதில்லை. 2.9 இருப்பதை 2.4 ஆக்க வேண்டுமா, ஒரு சுற்று இறக்குங்கள், முடிந்தது.

கம்பியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுத்தான் சேடிலை ஏற்ற வேண்டும். முழு இழுப்பில் ஏற்றினால் ஸ்க்ரூவின் அடிமுனை தகட்டில் பள்ளம் பறிக்கும். ஒவ்வொரு சேடிலிலும் இரண்டு ஸ்க்ரூவும் ஒரே அளவு திரும்ப வேண்டும், சேடில் தகட்டுக்கு இணையாகப் படுத்திருக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால், பாரம் இல்லாத ஸ்க்ரூ வாசிக்க வாசிக்கத் தானாகக் கழன்று இறங்கும். "நேற்று சரியாக இருந்தது, இன்று ஏ கம்பி மட்டும் இரைகிறது" என்பதற்கு இதுதான் காரணம்.

நான்கு சேடிலும் ஒரே உயரத்தில் நின்றால் அது தவறு. ஃப்ரெட்போர்டின் வளைவு கம்பிகளிலும் இருக்க வேண்டும். 7.25 அங்குல வளைவுக்கும் 19 மி.மீ. கம்பி இடைவெளிக்கும் கணக்குப் போட்டால், நடுவில் உள்ள இரண்டும் ஓரத்தில் உள்ளவற்றைவிடச் சுமார் 2 மி.மீ. உயர்ந்து நிற்க வேண்டும்.

உயரம் வைத்த பிறகே சுருதி. 12-ஆவது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கைத் தட்டுங்கள் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் மணியொலி), பிறகு அதே ஃப்ரெட்டை அழுத்தி வாசியுங்கள். அழுத்திய ஸ்வரம் ஏறி இருந்தால் சேடில் பின்னால் போக வேண்டும், பின் ஸ்க்ரூவை வலப்பக்கம். இறங்கி இருந்தால் முன்னால். ஜி கம்பியை நட்டிலிருந்து 34 அங்குலத்தில், 864 மி.மீ.இல் வைத்துத் தொடங்குங்கள். டி, ஏ, ஈ ஒன்றைவிட ஒன்று பின்னால் போகும். தடித்த ஈ கம்பியில் சேடில் பின்சுவரை நெருங்கி, ஸ்பிரிங் முழுதும் நசுங்கியும் சுருதி சேராமல் நின்றால், அந்த ஒரு ஸ்பிரிங்கை மட்டும் பாதியாக வெட்டிப் போடலாம். இரண்டு சேடில் உள்ள மிகப் பழைய பிரிசிஷனில் கம்பிக்குக் கம்பி சுருதி சேர்க்க முடியாது. சேடிலைக் கொஞ்சம் சாய்த்து வைத்து ஜோடியின் நடுவே சமரசம் செய்வதுதான் ஒரே வழி.

கடைசியாகப் பிக்கப், கம்பியின் அதிர்வை ஆம்புக்கு அனுப்பும் காந்தப் பகுதி. கம்பி இறங்கியிருந்தால் காந்தம் நெருங்கியிருக்கும். கடைசி ஃப்ரெட்டை அழுத்தி அடித்தால் ஈ கம்பி தடுமாறி இரட்டைக் குரலாகக் கேட்கிறதென்றால் பிக்கப்பைக் கொஞ்சம் இறக்குங்கள்.

இரைச்சல் எங்கே வருகிறது என்று கேளுங்கள்

ஒன்றுமே அழுத்தாமல் அடிக்கும்போது மட்டும் இரைந்தால் நட்டின் பள்ளம் ஆழமாகிவிட்டது. முதல் ஃப்ரெட்டின் மேல் 0.55 மி.மீ. இருக்க வேண்டும். பிரிட்ஜைத் தொட வேண்டாம். 1 முதல் 5 வரை உள்ள ஃப்ரெட்டில் இரைந்தால் நெக் நேராகிவிட்டது, ட்ரஸ் ராடைத் தளர்த்த வேண்டும். எல்லா இடத்திலும் இரைந்தால் பிரிட்ஜ் தாழ்ந்திருக்கிறது. ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டுமென்றால் அதற்கு அடுத்த ஃப்ரெட் தூக்கி நிற்கிறது. 12-க்கு மேல் மட்டும் இரைந்தால் இரண்டு வாய்ப்பு: சேடில் தாழ்வு, அல்லது நெக் உடலோடு சேரும் இடத்தில் மரம் மேல்நோக்கி எழும்பியிருக்கிறது. ஈரம் கண்ட பழைய நெக்குகளில் இந்த இரண்டாவது அடிக்கடி வரும். பிரிட்ஜை எவ்வளவு ஏற்றினாலும் அது போகாது, ஃப்ரெட் வேலை தெரிந்தவர் கையில்தான் கொடுக்க வேண்டும்.

இவை எதுவும் இல்லாமல் ஒரு சிணுங்கல் மட்டும் கேட்டால் அது இந்த பிரிட்ஜின் சொந்தக் குறை. கம்பியை அடித்துக்கொண்டே ஒவ்வொரு ஸ்பிரிங்காக விரல் நுனியால் தொடுங்கள், எதைத் தொட்டால் நிற்கிறதோ அதுதான். ஸ்பிரிங்கைக் கழற்றி இரண்டு மி.மீ. இழுத்து நீட்டிப் போட்டால் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் எலெக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் மெல்லிய ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் ஒரு துண்டை ஸ்பிரிங்கின் மேல் போடுங்கள்.

சேடிலை முழுதாக இறக்கியும் கம்பி உயரமாகவே இருந்தால்

இந்தக் கட்டத்தில்தான் பலர் பிரிட்ஜை மாற்றப் போகிறார்கள். கனமான பிரிட்ஜின் அடித்தட்டு இன்னும் தடிமன், கம்பி இன்னும் மேலே போகும். சரிசெய்ய வேண்டியது நெக்கின் கோணம். நெக் உட்காரும் குழியில், பிரிட்ஜைப் பார்த்த பக்கத்துக் கடைசி ஓரத்தில் ஒரு ஷிம், அதாவது மெல்லிய அடைத் துண்டு, வைக்க வேண்டும். 6.4 மி.மீ. அகலம், 44.5 மி.மீ. நீளம், 0.25 மி.மீ. தடிமன் என்பது ஃபெண்டரின் அளவு. அது சுமார் 0.8 மி.மீ. இடம் கொடுக்கும். விசிட்டிங் கார்டு தடிமன் கிட்டத்தட்ட பொருந்தும், ஆனால் காகிதம் நம் ஊர் ஈரத்தில் ஊறி நசுங்கும். மெல்லிய பித்தளைத் தகடோ மர வெனீரோ வையுங்கள். குழி முழுதும் பரவும் ஆப்பு வடிவ மர ஷிம் கிடைத்தால் அதுவே சிறந்தது, நெக்கின் அடிப்பக்கம் காலியாகத் தொங்காது. பழைய ஃபெண்டர்களில் தொழிற்சாலையிலேயே ஷிம் வைத்து அனுப்பியிருப்பது சாதாரணம். நெக்கைக் கழற்றும்போது அது கீழே விழுந்து காணாமல் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர்மாறாக, சேடில் ஸ்க்ரூ முனைகள் மேலே நீட்டிக்கொண்டு உள்ளங்கையைக் குத்துகிறதா? நெக் அளவுக்கு மேல் பின்னால் சாய்ந்திருக்கிறது. ஷிம் இருந்தால் மெல்லியதாக்குங்கள். ஸ்க்ரூ மட்டும்தான் பிரச்சினை என்றால் நீளம் குறைந்த ஸ்க்ரூ வாங்கிப் போடுங்கள், அரம் வைத்துத் தேய்க்க வேண்டாம்.

கனமான பிரிட்ஜ் யாருக்கு

பேட்ஆஸ் 2 போன்றவை நல்ல பொருள்தான். ரஷ் குழுவின் பேஸ் கலைஞர் கெடி லீயின் பெயரில் 1998-ல் வந்த ஜாஸ் பேஸில் ஃபெண்டரே அதைப் போட்டது. அதன் சேடில்களில் பள்ளம் இருக்காது, கம்பி உட்காரும் இடத்தை நீங்களே அரம் பிடித்து வெட்ட வேண்டும். ஒருமுறை தவறான இடத்தில் வெட்டினால் அந்தச் சேடில் போனது போனதுதான். கோட்டோ 201 அதைவிட எளிது, பழைய ஐந்து துளையிலேயே உட்காரும்.

கனமான பிரிட்ஜில் ஸ்வரம் சற்று நீளமாக நிற்கும் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பழைய பிரிசிஷனில் நாம் விரும்பும் அந்தக் குட்டையான, குத்தலான அடி கொஞ்சம் மழுங்குகிறது. கட்டை விரலால் ஓங்கி அடித்து வாசிப்பவர்களுக்கு மட்டும் மாற்றுவது நியாயம். மரை வெட்டிய உருளைச் சேடிலில் கம்பி ஒரு பள்ளத்திலிருந்து அடுத்த பள்ளத்துக்குத் தாவும், இந்தத் தகட்டின் மிகப் பெரிய குறை அது. விரலால் மிதமாக வாசிப்பவர்களுக்கு அந்தத் தொல்லை வராது. கம்பி இடைவெளியை ஒவ்வொரு மரையாக நகர்த்தி உங்கள் கைக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளலாம் என்பது அதே அமைப்பின் வசதி.

மாற்றியே தீருவது என்றால் உடலில் புதுத் துளை போடாத பிரிட்ஜாகப் பாருங்கள். பழைய துளை தளர்ந்திருந்தால் பல்குச்சிகளை ஃபெவிகாலில் தோய்த்துத் துளையை நிரப்பி, காய்ந்ததும் மட்டமாக வெட்டிவிட்டு, மெல்லிய டிரில்லால் வழி போட்டு ஸ்க்ரூவை இறக்கலாம். டப்பாவில் எழுதியிருக்கும் நேரத்தை நம்ப வேண்டாம். பத்து டிகிரிக் குளிரில் அந்தப் பசை மெல்லத்தான் காயும், இரண்டு நாள் விடுங்கள்.

மூடியும் நுரையும்

பழைய பேஸ்களில் பிரிட்ஜின் மேல் குரோம் மூடி இருக்கும், பிரிசிஷனில் அதன் உள்ளே கம்பியை அடக்க ஒரு நுரைத் துண்டு ஒட்டியிருக்கும். அந்த மொத்தென்ற ஒலிக்காகவே அதை விரும்புபவர்கள் உண்டு. வயதான நுரை பிசுபிசுவென்று பொடிந்து சேடில் ஸ்க்ரூவில் ஒட்டிக்கொள்ளும், மழைக்காலம் முழுதும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். துரு மிகக் கடுமையாக இருப்பது இந்த நுரைக்கு அடியில்தான். சுரண்டி எடுத்துவிட்டுப் புது நுரை வையுங்கள், வருடம் ஒருமுறை மாற்றுங்கள். பூச்சின் மேல் நேரடியாக நுரையோ ரப்பரோ படாமல் இருக்க வேண்டும், நைட்ரோவை அது உருக்கும்.

ஹாஃப்னர் வயலின் பேஸ் வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. அதில் மரப் பிரிட்ஜ் எந்த ஸ்க்ரூவும் இல்லாமல் கம்பியின் அழுத்தத்தில் மட்டும் நிற்கிறது. உயரத்துக்கு இரு பக்கமும் இரண்டு சக்கரம்தான், கம்பிக்குக் கம்பி தனியாக ஏற்றி இறக்க முடியாது. எல்லாக் கம்பியையும் ஒரே நேரத்தில் கழற்றினால் பிரிட்ஜ் இடம் நகர்ந்துவிடும். ஒவ்வொன்றாக மாற்றுங்கள், அதற்கு முன் பிரிட்ஜின் கால் நிற்கும் இடத்தில் காகித டேப்பை லேசாக ஒட்டி அடையாளம் வையுங்கள், வேலை முடிந்த அன்றே டேப்பை எடுத்துவிடுங்கள்.

வைக்கும் இடமும் முக்கியம். கணப்பு இருக்கும் சுவரில் மாட்ட வேண்டாம். பூஞ்சைக்குப் பயந்து பீரோவுக்குள் பல்பு எரிய விடும் வீடுகளில், அந்தப் பீரோவுக்குள்ளும் பேஸை நிறுத்த வேண்டாம், ஒரு பக்கம் மட்டும் காய்ந்து நெக் முறுக்கிக்கொள்ளும். கெட்டியான பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், சின்ன ஹைக்ரோமீட்டர் ஒன்று. ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. வாசித்து முடித்ததும் சேடில்களை உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். கழற்றி வைத்த பழைய ஸ்க்ரூ, ஸ்பிரிங், ஷிம் எதையும் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் போட்டு, எந்தச் சேடிலுக்கு உரியது என்று எழுதி, அலன் கீயோடு அதே பெட்டிக்குள் வையுங்கள். பேஸை விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.